டாமி வான்ஸ்

டாமி வான்ஸ் (ஜூலை 11, 1940 – மார்ச் 6, 2005) இங்கிலாந்தைச் சேர்ந்த வானொலி அறிவிப்பாளர் ஆவார். பி.பி.சி. வானொலி 1 இல் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒலிபரப்பான பிரைடே ராக் ஷோ என்னும் நிகழ்ச்சியை 1978 முதல் 1993 வரை நடத்தியவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஹெவி மெட்டல் இசைக்குப் பகல்நேர வானொலியில் ஏறத்தாழ இடமே இல்லாதிருந்த காலத்தில், வாரம் இரண்டு மணிநேரம் அவ்விசைக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட இந்நிகழ்ச்சி பிரித்தானியா முழுவதும் கேட்கப்பட்டது. இசைத்தட்டு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் ஏதுமில்லாத இளம் இசைக்குழுக்கள் சில, நாடளாவிய நேயர்களை முதன்முதலில் சென்றடைந்தது இந்நிகழ்ச்சியின் வழியாகவே ஆகும்.

பிறப்பும் இளமையும்

டாமி வான்ஸ் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள ஐன்ஷம் என்னும் ஊரில் பிறந்தார். இவரது இயற்பெயர் ரிச்சர்ட் அந்தோனி கிறிஸ்பியன் பிரான்சிஸ் புரூ ஹோப்-வெஸ்டன் என்பதாகும். பதினாறாம் வயதில் வணிகக் கப்பல் பணியில் சேர்ந்தார். பின்னர் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று வானொலித் துறையில் நுழைந்தார்.

அக்காலத்தில் பிரித்தானியாவில் வானொலி ஒலிபரப்பு பி.பி.சி.யின் தனியுரிமையாக இருந்தது. அமெரிக்காவிலோ ஒவ்வொரு நகரிலும் பல தனியார் நிலையங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. அறிவிப்பாளரின் குரலும் விரைவும் தனித்தன்மையுமே ஒரு நிலையத்தின் வெற்றியைத் தீர்மானித்தன. வான்ஸ் தம் தொழிலைக் கற்றது இச்சூழலில் ஆகும். சியாட்டிலில் கே.ஓ.எல். நிலையத்திலும் லாஸ் ஏஞ்சலசில் கே.எச்.ஜே. நிலையத்திலும் இவர் பணியாற்றினார்.

பெயர்க் காரணம்

டாமி வான்ஸ் என்பது இவர் தாமாகத் தேர்ந்துகொண்ட பெயர் அன்று. கே.ஓ.எல். நிலையம் அப்பெயருடைய அறிவிப்பாளர் ஒருவரைப் பற்றி முன்கூட்டியே பெருமளவில் விளம்பரம் செய்திருந்தது. அவர் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டார். செய்த விளம்பரம் வீணாகாதிருக்கும் பொருட்டு, புதிதாக வந்த ஆங்கிலேயருக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் இவர் அப்பெயராலேயே அறியப்பட்டார். அப்பெயரின் முதலெழுத்துகள் ஆங்கிலத்தில் தொலைக்காட்சியைக் குறிக்கும் டி.வி. என்ற சுருக்கமாக அமைந்தன. வானொலியில் ஒலிக்கும் தொலைக்காட்சி என்று தம்மை வேடிக்கையாக அறிமுகம் செய்துகொள்வதை இவர் பிற்காலத்தில் வழக்கமாகக் கொண்டார்.

கப்பல் வானொலிகள்

1960களின் நடுப்பகுதியில் பிரித்தானியக் கடல் எல்லைக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து உரிமம் பெறாத வானொலி நிலையங்கள் இயங்கி வந்தன. இவை நாள் முழுவதும் பாப் இசையை ஒலிபரப்பின. பி.பி.சி. அதுவரை இளைஞர்களின் இசைக்கு மிகக் குறைந்த நேரமே ஒதுக்கியிருந்ததால், இந்நிலையங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. இங்கிலாந்து திரும்பிய வான்ஸ் இவற்றுள் ரேடியோ கரோலைன், ரேடியோ லண்டன் ஆகியவற்றில் பணியாற்றினார். ரேடியோ லக்சம்பர்க் நிலையத்திலும் இவரது குரல் ஒலித்தது.

1967 ஆகஸ்ட் மாதத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் கப்பல் நிலையங்களுக்குப் பணியாற்றுவதையும் பொருள் வழங்குவதையும் குற்றமாக்கியது. ரேடியோ லண்டன் ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. இந்நிலையங்கள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பும் வகையில் பி.பி.சி. அதே ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் வானொலி 1 ஐத் தொடங்கியது. அதன் தொடக்க அறிவிப்பாளர்களுள் பலர் கப்பல்களிலிருந்து வந்தவர்களாவர். வான்சும் அவர்களுள் ஒருவர். புதிய ராக் இசைக்கென ஒதுக்கப்பட்ட டாப் கியர் நிகழ்ச்சியின் தொடக்க நாட்களில் ஜான் பீலுடன் இணைந்து இவர் பங்கேற்றார்.

கேப்பிடல் ரேடியோ

பி.பி.சி.யின் வானொலித் தனியுரிமை 1973 இல் முடிவுக்கு வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று இலண்டன் மாநகருக்கான தனியார் இசை நிலையமான கேப்பிடல் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. வான்ஸ் இந்நிலையத்தில் சேர்ந்தார்.

இக்காலத்தில் இவர் நடத்தியவற்றுள் 1977 ஜூலை 16 அன்று ஒலிபரப்பான நேர்காணல் குறிப்பிடத்தக்கதாகும். செக்ஸ் பிஸ்டல்ஸ் பங்க் இசைக்குழுவின் பாடகர் ஜான் லைடன் அதில் கலந்துகொண்டு, தமக்குப் பிடித்த இசைத்தட்டுகளைத் தாமே தேர்ந்தெடுத்து ஒலிக்கச் செய்தார். அப்போது லைடன் செய்தித்தாள்களில் நாட்டுக்கே கேடு விளைவிப்பவர் போல் சித்திரிக்கப்பட்டு வந்தார். வான்ஸ் அவரை ஓர் இசைச் சுவைஞராகவே நடத்தினார். ரெகே, செருமானிய இசைக்குழுவான கேன், நீல் யங், பீட்டர் ஹாமில் எனப் பல திசைகளில் விரிந்த அத்தேர்வு, பங்க் இசைக்கலைஞர் குறித்த பொதுக் கருத்தைப் பொய்யாக்கியது. லைடனை முரடராகக் காட்டி வந்த குழுவின் மேலாளர் மால்கம் மெக்லாரனுக்கு இது உவப்பாக இருக்கவில்லை. ஏளனத்துக்கு உள்ளான இசையை அதன் போக்கிலேயே கேட்டு மதிப்பிடும் இயல்பு வான்சிடம் முன்பே இருந்தது என்பதற்கு இந்நேர்காணல் ஒரு சான்று ஆகும்.

பிரைடே ராக் ஷோ

தொடக்கம்

வானொலி 1 இல் சனிக்கிழமை பிற்பகல்களில் ராக் இசை நிகழ்ச்சியை நடத்தி வந்த ஆலன் பிரீமன் 1978 இல் அந்நிலையத்தை விட்டு விலகினார். அதே ஆண்டு நவம்பரில் பிரைடே ராக் ஷோ தொடங்கப்பட்டது. இது வெள்ளிக்கிழமைகளில் இரவு 10 மணி முதல் நள்ளிரவு வரை ஒலிபரப்பானது. இந்நேரம் அதுவரை ஜான் பீலுக்கு உரியதாக இருந்தது. பீலின் நிகழ்ச்சி திங்கள் முதல் வியாழன் வரை எனச் சுருங்கியது. நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் டோனி வில்சன் ஆவார். மான்செஸ்டரில் பேக்டரி இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய டோனி வில்சன் வேறொருவர். டிக்ஸி டிரெக்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவின் டேக் இட் ஆஃப் த டாப் என்ற கருவியிசை இந்நிகழ்ச்சியின் அடையாள இசையாக அமைந்தது.

ஒலிபரப்பு அமைப்பு

அக்காலத்தில் வானொலி 1 க்கெனத் தனிப் பண்பலை அலைவரிசை இல்லை. பகலில் அது மத்திய அலையில் மட்டுமே கேட்டது. ஆனால் இரவு 10 மணிக்குப் பின் வானொலி 2 இன் பண்பலை அலைவரிசை இரண்டு மணிநேரம் வானொலி 1 க்கு அளிக்கப்பட்டது. இதனால் பீலின் நிகழ்ச்சியையும் பிரைடே ராக் ஷோவையும் நேயர்கள் இரட்டைத் தட ஒலியில் தெளிவாகக் கேட்க முடிந்தது. கிட்டார்களின் அடர்ந்த ஓசையை அடிப்படையாகக் கொண்ட இசைக்கு இது பெரும் வாய்ப்பாயிற்று. நேயர்கள் பலர் ஒலிநாடாக்களில் நிகழ்ச்சியைப் பதிவு செய்து, மறுவாரம் வரை திரும்பத் திரும்பக் கேட்டனர்.

ஒலிப்பதிவு அமர்வுகள்

பி.பி.சி. ஒலிபரப்பக்கூடிய இசைத்தட்டுகளின் நேரம் இசைத்தட்டு நிறுவனங்களுடனும் இசைக்கலைஞர் சங்கத்துடனும் செய்துகொண்ட உடன்பாட்டால் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. இசைத்தட்டுகள் பெருகினால் கலைஞர்களுக்கு வேலை இல்லாமற் போகும் என்பது சங்கத்தின் கவலையாகும். எஞ்சிய நேரத்தை நிரப்ப, இசைக்குழுக்களைத் தன் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு அழைத்துப் புதிதாக வாசிக்கச் செய்து பதிவு செய்தல் பி.பி.சி.க்குத் தேவையாயிற்று. பதிவுகள் பெரும்பாலும் இலண்டனில் உள்ள மைடா வேல் கூடங்களில் நடந்தன. ஓர் இசைக்குழு ஒரே நாளில் நான்கு பாடல்கள் வரை பதிவு செய்வது வழக்கம்.

வேலைவாய்ப்பைக் காப்பதற்காக எழுந்த இக்கட்டுப்பாடு எதிர்பாராத நன்மை ஒன்றைத் தந்தது. இசைத்தட்டு வெளியிடப் பணமோ நிறுவன ஆதரவோ இல்லாத குழுக்களும் தரமான கூடத்தில், தேர்ந்த ஒலிப்பதிவாளர்களைக் கொண்டு தம் பாடல்களைப் பதிவு செய்து நாடெங்கும் ஒலிக்கச் செய்ய முடிந்தது.

புதிய அலை

நிகழ்ச்சி தொடங்கிய காலத்தில் பத்திரிகைகள் பங்க் இசையையே பெரிதும் கொண்டாடின. ஹெவி மெட்டல் முடிந்துபோன இசையாகக் கருதப்பட்டது. ஆயினும் தொழிற்சாலை நகரங்களிலும் புறநகர் மதுக்கூடங்களிலும் புதிய தலைமுறைக் குழுக்கள் உருவாகி வந்தன. 1979 மே மாதத்தில் சவுண்ட்ஸ் என்னும் இசைவார இதழ் இப்போக்குக்குப் பிரித்தானிய ஹெவி மெட்டலின் புதிய அலை எனப் பெயரிட்டது. வடமேற்கு இலண்டனில் நீல் கே நடத்திய சவுண்ட்ஹவுஸ் நடன அரங்கு இக்குழுக்களுக்கு ஒரு மையமாக விளங்கியது. எனினும் ஓர் அரங்கின் புகழ் அந்நகரைத் தாண்டுவது அரிது. அதனை நாடெங்கும் கொண்டு சேர்த்ததில் வான்சின் நிகழ்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்நிகழ்ச்சிக்கென ஒலிப்பதிவு செய்த குழுக்களுள் சில:

அயர்ன் மெய்டன்: 1979 நவம்பர் 14 அன்று நான்கு பாடல்களைப் பதிவு செய்தது. அடுத்த மாதம் இ.எம்.ஐ. நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1980 ஏப்ரலில் வெளியான அதன் முதல் இசைத்தொகுப்பு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்தை அடைந்தது. 1979 ஆம் ஆண்டின் பதிவுகள் 2002 இல் வெளியான பி.பி.சி. ஆர்க்கைவ்ஸ் தொகுப்பில் இடம்பெற்றன.

டெஃப் லெப்பர்ட்: ஷெஃபீல்டைச் சேர்ந்த இக்குழு 1979 இல் பதிவு செய்தது.

சாக்சன், சாம்சன், ஏஞ்சல் விட்ச், டயமண்ட் ஹெட்: இவற்றுள் சாம்சன் குழுவில் அப்போது பாடியவர் புரூஸ் டிக்கின்சன். இவர் 1981 இல் அயர்ன் மெய்டனின் பாடகரானார்.

மரில்லியன்: 1982 பெப்ரவரியில் ஒலிபரப்பான அமர்வின்போது இக்குழுவுக்கு நிறுவன ஒப்பந்தம் இல்லை. அவ்வாண்டிலேயே இ.எம்.ஐ. நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டது.

இந்நிகழ்ச்சியில் இடம்பெற்ற குழுக்களின் பாடல்களைக் கொண்ட மெட்டல் எக்ஸ்ப்ளோஷன் என்னும் இசைத்தட்டை பி.பி.சி. 1980 இல் வெளியிட்டது. ரெடிங் விழாவில் நடந்த இசைக் கச்சேரிகளின் பதிவுகளும் இந்நிகழ்ச்சியில் ஒலிபரப்பாயின.

இசையின் உட்பிரிவுகள்

நிகழ்ச்சி நடைபெற்ற பதினான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் ஹெவி மெட்டல் பல கிளைகளாகப் பிரிந்தது. தொடக்கத்தில் பிளாக் சபாத், டீப் பர்ப்பிள், லெட் செப்பெலின் ஆகிய முன்னோடிகளின் வழிவந்த இசையே அதன் உடலாக இருந்தது. பிறகு பிரித்தானியப் புதிய அலை எழுந்தது. அதனைக் கேட்டு வளர்ந்த அமெரிக்க இளைஞர்கள் மெட்டாலிகா, சிலேயர், மெகாடெத், ஆந்திராக்ஸ் முதலிய குழுக்களை அமைத்து, விரைவும் கூர்மையும் மிக்க திராஷ் மெட்டலை உருவாக்கினர். லாஸ் ஏஞ்சலசில் ஒப்பனையும் இனிய மெட்டும் கலந்த கிளாம் மெட்டல் வளர்ந்தது. மரில்லியன் முதலிய குழுக்கள் நீண்ட பாடல்களும் இசைத் திருப்பங்களும் கொண்ட முற்போக்கு ராக் இசையைப் புதுப்பித்தன.

இக்கிளைகளுக்கிடையே நேரடி உறவுகள் உண்டு. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லார்ஸ் உல்ரிக் 1981 கோடையில் இங்கிலாந்துக்கு வந்து டயமண்ட் ஹெட் குழுவினருடன் தங்கினார். அவ்வாண்டிலேயே மெட்டாலிகாவைத் தொடங்கினார். டயமண்ட் ஹெட் குழுவின் ஆம் ஐ ஈவில் பாடலை மெட்டாலிகா 1984 இல் தன் இசைத்தட்டொன்றில் பதிவு செய்தது. தாய்நாட்டில் பெரும் விற்பனையைக் காணாத ஒரு குழு கடல் கடந்து ஒரு புதிய இசைவகைக்கு வித்திட்டது.

உட்பிரிவுகள் அனைத்தும் வான்சின் நிகழ்ச்சியில் ஒரே அளவில் வளர்ந்தன எனக் கூற இயலாது. பங்க் இசையும் மெட்டலும் கலந்து பிறந்த கிரைண்ட்கோர் என்னும் மிகத் தீவிர வகையைப் பரப்பியவர் ஜான் பீல் ஆவார். நேபாம் டெத், கார்கஸ், போல்ட் திரோவர் ஆகிய குழுக்கள் 1980களின் பிற்பகுதியில் பீலின் நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்தன. இவ்வாறு மெட்டல் இசையின் மரபுவழிக் கிளைகள் வெள்ளி இரவிலும், அதன் எல்லைகளை உடைத்த கிளை ஒன்று வாரத்தின் பிற இரவுகளிலும் ஒரே நிலையத்தில் ஒலித்தன.

குரலும் நடையும்

வான்சின் குரல் ஆழமும் கரகரப்பும் கொண்டது. பாடலின் பெயர், குழுவின் பெயர், இசைத்தொகுப்பின் பெயர் ஆகியவற்றைத் தெளிவாகக் கூறுவது இவரது வழக்கம். கேட்ட பாடலைக் கடையில் தேடி வாங்க விரும்பும் நேயருக்கு இது இன்றியமையாதது. மெட்டல் இசையை நகைப்புக்குரியதாகப் பிற ஊடகங்கள் நடத்திய காலத்தில், செய்தி அறிக்கைக்கு உரிய தீவிரத்துடன் இவர் அதனை அறிவித்தார்.

இம்மதிப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை விற்பனைப் பட்டியல்களுக்கும் ஒலிபரப்புக்கும் இடையே இருந்த இடைவெளி விளக்கும். ஏ.சி./டி.சி. குழுவின் பேக் இன் பிளாக் 1980 இலும் அயர்ன் மெய்டனின் த நம்பர் ஆஃப் த பீஸ்ட் 1982 இலும் பிரித்தானிய இசைத்தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பெற்றன. ஆயினும் பகல்நேர நிகழ்ச்சிகளில் இவ்விசை அரிதாகவே ஒலித்தது. இலட்சக்கணக்கானோர் பணம் கொடுத்து வாங்கிய இசைக்கு நாடளாவிய பொது ஒலிபரப்பில் உறுதியாகக் கிடைத்தவை வாரத்தின் 168 மணிநேரங்களுள் இரண்டே ஆகும்.

பிற பணிகள்

வான்ஸ் மெட்டல் இசைக்கு மட்டும் உரியவராக இருக்கவில்லை. 1982 ஜனவரி முதல் 1984 ஜனவரி வரை வானொலி 1 இன் ஞாயிறு மாலை முதல் நாற்பது பாடல்கள் நிகழ்ச்சியை நடத்தினார். டாப் ஆஃப் த பாப்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் தொகுத்து வழங்கினார். வெளிநாடுகளில் இருந்த பிரித்தானியப் படையினருக்கான ஒலிபரப்புச் சேவையிலும் பணியாற்றினார். 1985 ஜூலை 13 அன்று வெம்பிளி அரங்கில் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடைபெற்ற லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியில் அறிவிப்பாளர்களுள் ஒருவராகப் பங்கேற்றார்.

1975 இல் வெளியான சிலேட் இசைக்குழுவின் பிளேம் திரைப்படத்தில் ரிக்கி ஸ்டார்ம் என்னும் வானொலி அறிவிப்பாளராக நடித்தார். 2004 இல் சமையற்கலைஞர் கோர்டன் ராம்சே நடத்திய ஹெல்ஸ் கிச்சன் தொலைக்காட்சித் தொடரின் முதற்பருவத்தில் போட்டியாளராகத் தோன்றினார்.

வானொலி 1 இலிருந்து விலகல்

வான்ஸ் 1993 இல் வானொலி 1 ஐ விட்டு விலகி, அவ்வாண்டு ஏப்ரல் 30 அன்று தொடங்கப்பட்ட வெர்ஜின் 1215 என்னும் தனியார் நிலையத்தில் சேர்ந்தார். அந்நிலையத்தின் பெயரில் உள்ள எண் அதன் மத்திய அலைவரிசையைக் குறிக்கும். 1978 நவம்பரில் அலைவரிசைகள் மாற்றியமைக்கப்படும் வரை வானொலி 1 ஒலித்து வந்ததும் ஏறத்தாழ இதே அலைவரிசையில்தான். பின்னர் வி.எச்.1 இசைத் தொலைக்காட்சியில் ராக் நிகழ்ச்சிகளை நடத்தினார்.

1997 இல் இவரும் பழைய தயாரிப்பாளர் டோனி வில்சனும் இசைப் பத்திரிகையாளர் மால்கம் டோமும் இணைந்து ராக் ரேடியோ நெட்வொர்க் என்னும் நிலையத்தை நிறுவினர். இது பின்னர் டோட்டல் ராக் எனப் பெயர் மாற்றம் பெற்று இணையவழியில் ஒலிபரப்பியது. வாரத்துக்கு இரண்டு மணிநேரமே பெற்றிருந்த இசைக்கு நாள் முழுவதும் ஒலிக்கும் நிலையம் ஒன்றை அமைப்பது இம்முயற்சியின் நோக்கமாக இருந்தது.

மறைவு

டாமி வான்ஸ் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு, 2005 மார்ச் 6 அன்று கென்ட் பகுதியில் டார்ட்போர்டு நகரின் டேரண்ட் வேலி மருத்துவமனையில் காலமானார். அப்போது இவருக்கு வயது 64. டாப் கியர் நாட்களில் இவருடன் பணியாற்றிய ஜான் பீல், பெரு நாட்டுக்குச் சென்றிருந்தபோது 2004 அக்டோபர் 25 அன்று இறந்திருந்தார். வெள்ளி இரவையும் பிற இரவுகளையும் பகிர்ந்துகொண்ட இருவரும் ஐந்து மாதங்களுக்குள் மறைந்தனர்.

தாக்கம்

வான்ஸ் இசையமைத்தவரோ இசைத்தட்டு நிறுவனம் நடத்தியவரோ அல்லர். இவர் எந்த உட்பிரிவையும் உருவாக்கவில்லை. எதற்கும் பெயரிடவும் இல்லை. ஆயினும் பிரித்தானிய ஹெவி மெட்டலின் வரலாறு இவரது நிகழ்ச்சியைத் தவிர்த்து எழுதப்படுவதில்லை. பெருநகரங்களுக்கு வெளியே, இசையரங்குகளோ சிறப்பு இசைத்தட்டுக் கடைகளோ இல்லாத சிற்றூர்களில் வாழ்ந்த இளைஞர்கள் இவ்விசையைக் கேட்பதற்கு வேறு வழிகள் மிகக் குறைவாகவே இருந்தன.

இந்நிகழ்ச்சிக்காகச் செய்யப்பட்ட பதிவுகள் அயர்ன் மெய்டன், டெஃப் லெப்பர்ட், ஏஞ்சல் விட்ச் முதலிய குழுக்களின் தொகுப்புகளில் பின்னர் வெளியாயின. ஒருமுறை ஒலித்து மறைவதற்காக ஒரே நாளில் செய்யப்பட்ட இப்பதிவுகள், அக்குழுக்கள் புகழ்பெறுவதற்கு முன் எவ்வாறு வாசித்தன என்பதைக் காட்டும் ஆவணங்களாக இன்று விளங்குகின்றன.